பிரஷர் உள்ளவர்கள் சிறுநீரகப் பரிசோதனையைச் சரியாகச் செய்துகொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் 14 ஆண்டுகளாக ரத்தம் எடுக்கிறேன். வாரத்தில் ஒருநாள் ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் போய் மாதிரி எடுத்து வருவதும் என் வேலை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். பெரும்பாலோர் சீட்டில் 'கிரியாட்டினின்' (தசையிலிருந்து வந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) என்ற ஒரே சொல்தான் இருக்கும். எண் வரும், பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள் அது அடங்கியிருக்கும், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் டயாலிசிஸ் பிரிவின் சீட்டோடு என்னிடமே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் மறப்பதில்லை.

சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டாலும் வலிக்காது. உயர் ரத்த அழுத்தம் அதன் நுண்ணிய வடிகட்டிகளை ஓசையில்லாமல் தேய்க்கிறது. கெட்ட சிறுநீரகம் தன் பங்குக்கு அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. எனவே பிரஷர் உள்ளவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கீழே சொல்லும் வரிசையில் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. அவர் கைக்குச் சரியான எண்கள் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

1. கிளம்புவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இன்றைய எண்ணைவிட, போன ஆண்டு எண்ணிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதே அதிகம் சொல்லும். பழைய தாள் இல்லாமல் வருகிறவருக்கு மருத்துவரால் பாதிப் பதில்தான் தர முடியும்.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்று சொன்னால் அது அம்லோடிபினா, டெல்மிசார்டனா, எனலாபிரிலா என்று எங்களுக்குத் தெரியாது. இவை சிறுநீரக எண்களை வெவ்வேறு விதமாகத் தொடுகின்றன.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைகளையும் மறைக்காமல் சேருங்கள். தறியில் நாள் முழுவதும் நின்றவருக்கும், காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கியவருக்கும் முழங்கால் வலி வரத்தான் செய்யும். டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. 'பிரில்' அல்லது 'சார்டன்' என்று முடியும் பிரஷர் மாத்திரையோடும், நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். நாட்டு மருந்து, லேகியம், உடற்பயிற்சிக் கூடத்தில் தரும் கிரியாட்டின் பொடி ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

2. நாளைத் தேர்ந்தெடுத்தல்

திங்கட்கிழமை காலையில் கூட்டம் அதிகம். முந்தைய நாள் ஞாயிறு, வீட்டில் கறிக்குழம்பு. ஆடிப் பண்டிகைக்கு மறுநாளும் இதே கதைதான். இறைச்சியைச் சமைக்கும்போது அதிலுள்ள கிரியாட்டின் கிரியாட்டினினாக மாறுகிறது. சாப்பிட்டபின் சில மணி நேரம் ரத்தத்தில் அந்த அளவு ஏறி நிற்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் தாளில் கெட்டதாகத் தெரியும். பரிசோதனைக்கு முன் 12 மணி நேரமாவது கறி, மீன் வேண்டாம். செவ்வாய், புதனில் வருவது எளிய வழி.

கடுமையான உழைப்பு கிரியாட்டினினையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் தற்காலிகமாக ஏற்றும். மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடித்த கையோடு மாலையில் வராமல், ஓய்வெடுத்த மறுநாள் காலையில் வாருங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் தேறி ஒரு வாரமாவது ஆகட்டும். சிறுநீர்க் கடுப்பு இருந்தால் அது குணமான பிறகும், பெண்கள் மாதவிடாய் முடிந்த பிறகும் சிறுநீர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்புமின் தவறாகக் கூடிக் காட்டும். நோய் கடுமையாக இருந்து மருத்துவரே அவசரமாகக் கேட்டிருந்தால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, உடனே கொடுங்கள்.

3. வெறும் வயிறு பற்றிய குழப்பம்

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சொன்னதைக் கேட்டு, முந்தைய இரவு 7 மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி வந்துவிடுமோ என்று பயந்து, பஸ்ஸில் சிறுநீர் கழிக்க வழியில்லையே என்று தயங்கி, இன்னும் அதிகமாக வறண்டு வருகிறார்கள். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் யூரியா என்ற கழிவு எகிறும், கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறும். நரம்பும் கிடைக்காது. இரண்டு மூன்று முறை குத்த வேண்டிவரும்.

கிரியாட்டினினுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. சர்க்கரையோ கொழுப்போ சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் உணவைத் தவிருங்கள். அப்போதும் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கலாம். 'சிறுநீரகம் கழுவட்டும்' என்று காலையில் 3 லிட்டர் குடிப்பதும் வேண்டாம்.

காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவர் நிறுத்தச் சொன்னால் ஒழிய, ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

4. சீட்டில் எதெல்லாம் இருக்க வேண்டும்

முதலில் கிரியாட்டினின். அதிலிருந்து கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். கட்டாயம். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. இரண்டாவது, சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், கூடங்களில் ஏ.சி.ஆர். என்பார்கள். மூன்றாவது பொட்டாசியம், சோடியம். முதல்முறை பார்ப்பவர்கள் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'கிட்னி புரொஃபைல்' என்று தொகுப்பாக விற்கப்படுவதில் யூரியா, யூரிக் ஆசிட், கால்சியம் என்று எட்டுப் பத்து இருக்கும், ஏ.சி.ஆர். பெரும்பாலும் இருக்காது. பிரஷர் உள்ளவருக்கு முதலில் காட்டிக் கொடுப்பது பல நேரம் அந்த ஒன்றுதான். ரத்தம் சுத்தமாக இருக்கும்போதே சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்கியிருக்கும். 'சிறுநீர் ஏ.சி.ஆரும் வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் 'ஆல்புமின் இல்லை' என்று வந்தால் போதாது. சிறு அளவை அந்தப் பட்டை பிடிக்காது.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து நம் பகுதியில் பலருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி அது. ஆனால் மாத்திரைதான் வந்துவிடுகிறதே என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கமே போகாமல் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்தவர்களைச் சந்திக்கிறேன். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமே, 'எனக்கு கிரியாட்டினின் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, எங்கே வந்து கொடுக்க வேண்டும்' என்று கேளுங்கள்.

5. ரத்தமும் சிறுநீரும் கொடுக்கும்போது

கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்க வேண்டாம். நரம்பு தெரிய வேண்டும் என்று எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, இல்லாத ஆபத்தைத் தாளில் காட்டும். கட்டிய ரப்பர் பட்டையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகி இருக்கக் கூடாது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் கலந்த உப்பு இருக்கிறது. மஞ்சள் அல்லது சிவப்பு மூடிக் குழாயை முதலில் நிரப்புங்கள், ஊதா பிறகு. ஒன்றிலிருந்து மற்றொன்றில் ஊற்றவே கூடாது.

மலையில் எடுக்கும் மாதிரிக்கு ஒரு சிக்கல் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிக்காத ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுவந்தேன். குளிரில் வைத்தால் கெடாது என்று நினைத்தேன். அன்று வந்த ஐந்து பேருக்கும் பொட்டாசியம் 6-க்கு மேல். ஒருவரை அன்றிரவே அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மறுபடி பார்த்தபோது 4.3. குளிரில் சிவப்பணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே தக்கவைத்துக்கொள்ள முடியாமல் கசிய விடுகின்றன, சிறுநீரகத்தில் குற்றமில்லை. ரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி நீர்ப்பகுதியைப் பிரித்துவிட வேண்டும். இப்போது சுழற்றும் கருவியை உடன் எடுத்துச் செல்கிறேன். ஏற்காட்டில் கொடுப்பவர்கள், 'இங்கேயே பிரிக்கிறீர்களா?' என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். இல்லை என்றால் பொட்டாசியத்தை மட்டுமாவது சேலத்துக்கு வந்து கொடுங்கள்.

சிறுநீர், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீராக இருக்கட்டும். தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பகலில் நடமாடும்போது ஆல்புமின் கொஞ்சம் கூடுதலாகக் கசிவது இயல்பு என்பதால் காலைச் சிறுநீரே நம்பகமானது.

6. அறிக்கையைப் படிக்கும் வரிசை

யூரியாவிலிருந்து தொடங்காதீர்கள். அது நீர் குறைந்தாலும் பருப்பும் முட்டையும் அதிகம் சாப்பிட்டாலும் ஏறும். அதோடு, சில கூடங்கள் 'யூரியா' என்றும் சில 'பி.யூ.என்.' (யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும்) என்றும் தருகின்றன. முதலாவது இரண்டாவதைப் போல 2.14 மடங்கு. போன முறை 14, இந்த முறை 30 என்று பதறி வந்த ஒருவருக்கு உண்மையில் எதுவும் மாறியிருக்கவில்லை.

கிரியாட்டினினிலும் நிற்காதீர்கள். ஒருநாள் காலையில் அடுத்தடுத்து இரண்டு பேர். ஒருவர் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பையன், வயது 25. இன்னொருவர் 68 வயது அம்மா, பத்து ஆண்டுகளாகப் பிரஷர். இருவருக்கும் 1.1. "ஏன் கண்ணு, போன வருடமும் இதேதானே, நார்மல் என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டார் அந்த அம்மா. இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட 2021-இல் வெளிவந்த சி.கே.டி.–எபி சூத்திரத்தில் போட்டால் பையனுக்கு வடிகட்டும் அளவு 96, அம்மாவுக்கு 55.

காரணம் எளிது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை நிறைந்த இளைஞன் உடம்பில் அது நிறைய உற்பத்தியாகிறது, நல்ல சிறுநீரகம் நிறைய வெளியேற்றுகிறது. மெலிந்த மூதாட்டி உடம்பில் உற்பத்தியே குறைவு. அப்படியிருந்தும் 1.1 தேங்கியிருக்கிறது என்றால் வெளியேற்றம் குறைந்திருக்கிறது. அச்சிட்ட 'நார்மல்' எல்லை இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஆகவே இ.ஜி.எஃப்.ஆரை முதலில் பாருங்கள். 90-க்கு மேல் நல்லது. 60 முதல் 89 வரை லேசான குறைவு. சிறுநீரில் ஆல்புமினோ வேறு கோளாறோ இல்லையென்றால் நோய் என்று சொல்ல மாட்டார்கள். 45–59, 30–44, 15–29 என்று படிப்படியாக இறங்கும்; 15-க்குக் கீழே சிறுநீரகச் செயலிழப்பு. சில கூடங்கள் '60-க்கு மேல்' என்று மட்டும் அச்சிடும். சரியான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 95-லிருந்து 64-க்கு இறங்கியவர் அந்தத் தாளில் அப்படியே இருப்பதாகத்தான் தெரியும்.

கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது.

7. ஏ.சி.ஆரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கியிருக்கிறது. 300-ஐத் தாண்டினால் கடுமை. வடிகட்டும் அளவு 95 என்று நன்றாக இருந்து ஏ.சி.ஆர். 180 என்று வந்தவரை, வடிகட்டும் அளவு 55 ஆக, கசிவே இல்லாமல் இருக்கும் 80 வயதுக்காரரைவிட மருத்துவர் கவலையோடு பார்ப்பார். கசிவு இருந்தால் 'பிரில்', 'சார்டன்' வகை மருந்துகளுக்கு முதலிடம் கொடுப்பது வழக்கம். அவை வடிகட்டிக்குள்ளேயே அழுத்தத்தைக் குறைக்கின்றன. எனவே இந்த எண் இல்லாமல் மருந்துத் தேர்வே முழுமையாகாது.

கால் வீக்கத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கணுக்கால் வீங்கலாம்.

8. மூன்று மாதம் கழித்து மறுபடி

ஒரே ஒரு தாளை வைத்து நாட்பட்ட சிறுநீரக நோய் என்று முடிவு செய்வதில்லை. கோளாறு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர். ஏ.சி.ஆர். நாளுக்கு நாள் ஆடும் என்பதால் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் உயர்ந்திருக்க வேண்டும். எண் மோசமாக இருந்தால் மருத்துவர் சில நாட்களிலேயே மறுபடி கேட்பார், திடீர்ப் பாதிப்பா என்று அறிவதற்காக.

மறுபரிசோதனையை அதே கூடத்தில் கொடுங்கள். கிரியாட்டினினை அளக்க ஜாஃபே, என்சைம் என்று இரண்டு முறைகள் உண்டு. பழைய ஜாஃபே முறையில் வேறு சில பொருள்களும் கிரியாட்டினின்போலக் கணக்கில் சேரும். இடம் மாறினால் 0.1, 0.2 வித்தியாசம் வரலாம், அதை நோய் என்று எண்ணிவிடுவோம். சூத்திரம் எது என்பதும் தாளில் எழுதியிருக்கும். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது அதைப் பாருங்கள்.

9. சிஸ்டாட்டின் சி எப்போது தேவை

கிரியாட்டினினை நம்ப முடியாத உடம்புகள் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கும் கட்டுமஸ்தான ஆளுக்கு 1.4 வந்தால் தசையா, நோயா என்று தெரியாது. படுத்த படுக்கையாய்த் தசை கரைந்தவருக்கும், கால் இழந்தவருக்கும் 0.6 என்று வந்து ஏமாற்றும். இவர்களுக்கு மருத்துவர் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்க எழுதுவார். உடம்பின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் இதைச் சீராக உருவாக்குகின்றன. கறி சாப்பிட்டதும் தசை அளவும் இதை அதிகம் பாதிப்பதில்லை. கிரியாட்டினினையும் இதையும் சேர்த்துக் கணக்கிடுவதே இப்போது கிடைக்கும் துல்லியமான மதிப்பீடு. சர்வதேச சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2024-இல் இதையே பரிந்துரைத்தது.

ஆனால் இதுவும் மாசற்றதில்லை. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகியவை இதை மாற்றும். கொடுக்கும்போது இவற்றைச் சொல்லிவிடுங்கள். செலவு அதிகம், எல்லாக் கூடங்களிலும் செய்வதில்லை, மாதிரியை வெளியூருக்கு அனுப்பினால் முடிவு தாமதமாகும். எல்லோரும் ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் ஏ.சி.ஆர். பாருங்கள் என்றே சொல்வேன்.

என்கால், கிம்–1 போன்ற பரிசோதனைகளின் பெயர்களும் காதில் விழும். அவை பெரும்பாலும் திடீர்ப் பாதிப்பு பற்றிய ஆய்வுகளுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் உரியவை. பிரஷருக்கான ஆண்டுப் பரிசோதனையில் தேவையில்லை.

10. மாத்திரை மாற்றிய பிறகு

'பிரில்' அல்லது 'சார்டன்' புதிதாகத் தொடங்கினாலும் அளவு கூட்டினாலும் 2 முதல் 4 வாரங்களுக்குள் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை எதிர்பார்த்ததுதான். அந்த மருந்து வேலை செய்யும் விதமே அது. இதைத் தெரியாமல் 1.0 என்பது 1.2 ஆனதும் தாமாகவே மாத்திரையை நிறுத்தி, பிரஷர் ஏறி, பக்கவாதத்தோடு வந்தவரைப் பார்த்தேன். தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அதுவரை நிறுத்தாதீர்கள்.

11. அன்றைக்கே போக வேண்டிய எண்கள்

பொட்டாசியம் 6 அல்லது அதற்கு மேல் என்றால் மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்ற விசாரணையெல்லாம் பிறகு, உடனே மருத்துவமனை. புதிய மாத்திரைக்குப் பின் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும், சிறுநீரின் அளவு சட்டென்று குறைந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ், ஏ.சி.ஆர். 300-க்கு மேல், சிறுநீரில் ரத்தம், 30 வயதுக்குள் வந்த பிரஷர், நான்கைந்து மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்றால் சிறுநீரக மருத்துவரிடம் போவதுதான் முறை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கி, முதல் படியில் சொன்ன பழைய தாள்களையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

12. ஒரு பக்கக் கணக்கு

பள்ளி நோட்டில் ஒரு பக்கம் போதும். தேதி, அன்றைய பிரஷர், கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர்., பொட்டாசியம், பரிசோதித்த இடம், அப்போது சாப்பிட்ட மாத்திரை என்று எட்டுக் கட்டங்கள். பிரஷரை ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து எடுத்தபின் எழுதுங்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு எடுத்தது கணக்கில் சேராது. அந்த 68 வயது அம்மாவுக்கு அவருடைய பேத்தி இப்படி ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூன்று வரி ஆகியிருக்கிறது: 55, 54, 56.